புதன்கிழமைப் புகார்

கடவுளே, இன்னிக்கும் இது பாதியிலேயே நின்னுபோகணும்.

கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தபடி அனந்தலக்ஷ்மி வேண்டிக்கொண்டாள். காதோடு டெலிபோன் ரிசீவர்.

"அப்டேட் எவ்வளவு வந்திருக்கு மேடம்?" என்றது மறுமுனைக் குரல்.

"இருபது சதவீதம்மா."

"அச்சா. லைன்லயே இருங்க."

"இன்னிக்கும் கம்ப்யூட்டர் பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சா?" விஸ்வநாதன் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் தெரியலை, உனக்கும் ஒண்ணும் தெரியலை. நன்னாச் சேர்ந்தது ஜோடி!"

படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புதன்கிழமைகளில் இந்தப் போன் வந்துவிட்டால் அவருக்கு ஹாலில் உட்காரப் பிடிக்காது.

வேலை பார்க்கும் இடத்தில் அந்தப் பெண்ணுக்கு நேஹா என்று பெயர். வாடிக்கையாளர்கள் கூப்பிடச் சுலபமாக இருக்க வேண்டுமாம். தில்லியின் இந்த துவாரகா வீட்டில் அவள் பெயர் ஜ்யோத்ஸ்னா. அவர்களுடைய ஒரே மகள். அவள் பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று விஸ்வநாதன், "இனிமே அவளோட பேசமாட்டேன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றார். அனந்தலக்ஷ்மி பண்ணினாள். இரண்டு வருடம் காப்பாற்றியும் வந்தாள்.

பிறகு ஒருநாள், அப்டேட் ஆகமாட்டேன் என்கிறதே என்று கம்பெனிக்குப் போன் செய்து, தமிழுக்கான எண்ணை அழுத்தினாள். "வணக்கம், நான் நேஹா பேசறேன்" என்றது மகளின் குரல். அனந்தலக்ஷ்மி தன் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். சொந்தக் கதை பேசினால் வேலை போய்விடும்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

நேஹாவோடு பேசமாட்டேன் என்று அனந்தலக்ஷ்மி யார் தலைமேலும் சத்தியம் பண்ணவில்லை.

புகார் தீரும்வரை முதலில் எடுத்தவரே வாராவாரம் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அப்டேட் ஓடும்போது வாடிக்கையாளரைச் சும்மா காக்கவைக்காமல் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த இரண்டு விதிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் அவள் மகளுக்கு அம்மாவாக இருந்தாள்.

"குக்கர் சத்தம் கேக்கறதே மேடம். என்ன சமையல்?"

"சேனைக்கிழங்கு. புளி விட்டு."

"எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம். எங்க வீட்ல கறின்னா உருளைக்கிழங்கு, ஆலூதான். எது கேட்டாலும் அதுல ஆலூவைப் போட்டுடுவாங்க."

அனந்தலக்ஷ்மி சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அறுபது. இவ்வளவு வேகமாக அது எந்த வாரமும் ஓடியதில்லை.

"மேடம், பக்கத்துல எங்க சீனியர் இருக்கார்." நேஹாவின் குரல் தணிந்தது. "இன்னிக்கு முடிஞ்சுட்டா புகாரை மூடிடணும். முடியலைன்னா வீட்டுக்கு இன்ஜினியரை அனுப்பணுமாம். எப்படி ஆனாலும் நான் கூப்பிடறது இன்னியோட சரி."

இன்ஜினியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் புகார் மூடாது, இவளே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்கிற மனுஷர் உள்ளே இருக்கிறாரே. அவருக்கு என்ன பதில் சொல்வது?

"எண்பது ஆயிடுத்தும்மா."

"ம்."

"ஏன் குரல் என்னமோ மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை மேடம். கொஞ்ச நாளாவே காபி வாசனை பிடிக்கலை. கார்த்தால எழுந்தா தலை சுத்தறது."

அனந்தலக்ஷ்மி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன் மேடம். நல்ல சேதின்னுதான் சொன்னாங்க."

இதற்கு ஒரு அம்மா என்னவெல்லாம் சொல்வாள்! எதைச் சொன்னாலும் பதிவாகிவிடும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு தொண்ணூற்றொன்றில் அசையாமல் நின்றது. மேலே சிவப்பாக ஒரு கட்டம் திறந்துகொண்டது.

"நின்னுடுத்தும்மா!"

மறுமுனையில் ஓர் ஆண் குரல் இந்தியில் ஏதோ அதட்டியது.

"மேடம், மோடத்துல ஒயர் சரியாச் சொருகியிருக்கான்னு கொஞ்சம் பாருங்க." இத்தனை வாரங்களில் மகள் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மோடம் படுக்கையறையில் இருந்தது. ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய், தூங்குகிறவரை எழுப்பக் கூடாதே என்று சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

விஸ்வநாதன் தூங்கவில்லை. கட்டில் ஓரத்தில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். ஹால் போனோடு ஒரே லைனில் இருக்கும் அந்த அறைப் போனின் ரிசீவர் அவர் காதில் இருந்தது. பேசும் பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்தியிருந்தார். மறு கையில், மோடத்திலிருந்து பிடுங்கிய ஒயர்.

அனந்தலக்ஷ்மி கதவைப் பழையபடி சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

"பாத்தீங்களா மேடம்? ஒயர் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."

"அப்போ... இன்ஜினியரை அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா," என்றாள் அனந்தலக்ஷ்மி மெதுவாக. "வெளி மனுஷா யாரும் வேண்டாம். அடுத்த புதன்கிழமையும் நீயே கூப்பிடு."