எட்டாவது தட்டு

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ராஜவேல் போட்ட திட்டத்தைப் பார்த்திருந்தால், நகைக்கடையில் கன்னம் வைக்கிறவன்கூட வாயைப் பிளந்திருப்பான்.

இடம், பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் புதிதாகத் திறந்திருந்த தாய்லாந்து உணவகம். அங்கே நாமாக எதையும் கேட்டு வாங்க முடியாது. ஒன்பது தட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். வைத்ததைச் சாப்பிட வேண்டும். அதற்கு ‘டேஸ்டிங் மெனு’ என்று பேர். இரண்டு பேர் போய் உட்கார்ந்தால் ராஜவேலின் பாதிச் சம்பளம் காலி.

சகலை கோபிநாத் பெண்டாட்டியோடு போய்விட்டு வந்துவிட்டான். சும்மா வரவில்லை, ஒன்பது தட்டையும் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில், ராஜவேல் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

"எனக்குச் சின்னவ என் தங்கச்சி. அவளே போயிட்டு வந்துட்டா. நான் எப்பதான் போறது?" துர்கா மூக்கைச் சிந்தினாள்.

"கல்யாண நாளுக்கு இட்டுக்கினு போறேன், போதுமா?"

வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான். போகாவிட்டால் துர்கா முகத்திலும் விழிக்க முடியாது, கோபிநாத் முகத்திலும் விழிக்க முடியாது. போனாலோ பில்லைக் கட்ட முடியாது.

ஆனால் ராஜவேலிடம் ஒரு கைத்தொழில் இருந்தது. பிரியாணியில் ஈ, பலூடாவில் தலைமுடி என்று, ஆபீஸ் நண்பர்களோடு போன இடத்திலெல்லாம் காசு கொடுக்காமல் எழுந்து வந்திருக்கிறான். துர்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளைப் பொறுத்தவரை புருஷன் யோக்கியன்.

ஒயிட் டவுனுக்கு ஈ போதாது. அந்த இடத்து மரியாதைக்குக் கரப்பான்தான் சரி.

கோபிநாத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தத் தட்டு என்று ராஜவேல் குறித்தான். முதல் தட்டிலேயே வேலையைக் காட்டினால் பட்டினியோடு திரும்ப வேண்டியதுதான். ஒன்பதாவது இனிப்பு, சர்க்கரைக்காரனுக்கு அது போனால் போகட்டும். ஆக, எட்டாவது. எண்ணெயில் பொரித்த ஏதோ இலைக் குவியல், அதன்மேல் விரலளவு மீன்.

இங்கேதான் ராஜவேல் மற்ற திருடர்களிடமிருந்து வேறுபட்டான். பொரித்த இலைக்குள் பொரியாத கரப்பான் கிடந்தால், வெளியிலிருந்து வந்த சரக்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். துர்கா பெரிய மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டில் அகப்பட்ட கரப்பான் ஒன்றை ஒரு கரண்டி எண்ணெயில், சின்னத் தீயில், மீசை உதிராமல் பக்குவமாகப் பொரித்தெடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்தான். லேசாக உப்புக்கூடப் போட்டான். தொழில் சுத்தம் முக்கியம் இல்லையா!

மேசை பதிவு செய்யப் போன் போட்டபோது அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள்: "உங்களுக்கோ மேடத்துக்கோ ஒத்துக்காத பொருள் ஏதாவது இருக்கா சார்?"

"அவளுக்கு எல்லாம் ஒத்துக்கும்மா. எதையும் வேணாம்னு சொல்ல மாட்டா" என்றான் பெருமையாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனார்கள். பட்டுப்புடவை கட்டிய துர்கா, போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது என்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

முறம் அகலத்துக்குத் தட்டு வந்தது. நடுவில் ஒரு துளி.

"இன்னாங்க இது, திருநீறு குடுக்குற மாதிரி குடுத்துட்டுப் போறான்?"

"மெதுவாப் பேசு."

ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்து நிமிஷம் விளக்கவுரை, அரை நிமிஷம் சாப்பாடு. நான்காவது தட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பூவைத் துர்கா காம்போடு மென்றாள். ஆறாவதில் ராஜவேல் ஒதுக்கிய மிளகாயையும் விடவில்லை. வீட்டில் இருபது வருஷமாக அவன் இலையில் மீந்ததை எடுத்துப் போட்டுக்கொள்கிற கை, இங்கே மட்டும் சும்மா இருக்குமா?

எட்டாவது தட்டு வந்தது. ராஜவேல் மீனை வாயில் போட்டுக்கொண்டான். துர்கா தன் தட்டைப் படம் எடுக்கக் குனிந்த நேரத்தில், தீப்பெட்டிச் சரக்கைத் தன் தட்டு இலைகளுக்கு அடியில் பதமாகச் செருகினான்.

பெரிய இடத்தில் கத்தக் கூடாது, காதில் சொல்ல வேண்டும். எழுந்து நேராகக் கோட்டுப் போட்ட மேனேஜரிடம் போனான்.

"எட்டாவது தட்டுல கரப்பான் கெடக்குது. இலையோட சேத்துப் பொரிச்சிருக்கீங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் அசிங்கம்."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தம் வேணாம் சார். பில்லே வேணாம். நான் ஒரு தடவை கண்ணால பாத்துடுறேன், அது போதும்."

"தாராளமாப் பாருங்க!"

ராஜவேலுக்கு மனசு துள்ளியது. இன்று சாயங்காலமே எட்டுத் தட்டையும் ஸ்டேட்டஸில் போட்டு கோபிநாத் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தபடியே மேனேஜரைக் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்தான்.

அவன் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஓர் இலைகூட இல்லை.

"எங்க சார்?" என்றார் மேனேஜர்.

ராஜவேல் குனிந்து மேசைக்கு அடியில் தேடினான். துர்கா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்முறையாக முகம் மலர்ந்தாள்.

"எட்டுத் தட்டுல இவுரு மிச்சம் வச்சதுதான் சார் வாய்க்கு நல்லாருந்துச்சு, எலைக்கு அடியில மொறுமொறுன்னு; என் தட்டுல வைக்க மறந்துட்டீங்க, இன்னும் ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க!"