ஒரே சாப்பாடு

டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பூட்டுக்காரரின் தங்கை அதைத் தூக்கி மேடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க மேடம். அண்ணி கலக்கிக் கொடுத்தது. இதைக் குடிச்ச கொஞ்ச நேரத்துல எங்கண்ணன் பொத்துன்னு விழுந்துட்டார். இது முதல் தடவையும் இல்ல!"

'மேடம்' என்பது அந்தப் பேட்டை முழுக்க அவளுக்கு விழுந்துவிட்ட பெயர். சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பெடுத்து, அந்த வகுப்பால் உடம்பு தேறுகிறதா என்று ஆராய்ச்சி செய்கிறவள். ஆளுக்கொரு ரத்தப் பரிசோதனை மெஷினைக் கொடுத்து, வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்து அந்த எண்ணைப் போனில் சொல்லச் சொல்லியிருந்தாள். எண் ஏறினால் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டுவாள்.

பூட்டுக்காரர் வீட்டிலிருந்து வந்த எண் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனது. கூடவே மாத்திரையும் ஏறியது. ஆனால் மனிதர் விழுவதோ சர்க்கரை இறங்கிப்போய். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் செருகும். சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால் எழுந்து உட்காருவார். காலையில் எகிறிக் கிடக்கிற சர்க்கரை மதியத்துக்குள் எப்படிப் பாதாளத்துக்குப் போகும்? யாராவது கூடுதலாக மாத்திரை கொடுத்தாலொழிய வாய்ப்பே இல்லை.

அந்த யாராவது, அதாவது பூட்டுக்காரரின் மனைவி, சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து மேடம் பார்க்கிறாள், அவள் குடிக்கிறாள், குடிக்கிறாள், குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

"தொண்டை வறண்டுதானே போகும்? செய்யற காரியம் அப்படி" என்றாள் தங்கை. "ஆளைப் பாருங்க, துரும்பா இளைச்சுட்டாங்க. மனசுல ஏதோ அரிக்குது. இன்னொண்ணும் கேளுங்க. அந்த மெஷினை ஒருத்தர் கண்ணுலயும் காட்ட மாட்டாங்க, மகராசி. சமையலறைக்குள்ள எடுத்துட்டுப் போய்க் கதவைச் சாத்திக்குவாங்க."

மேடம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலில் கிடந்த பூட்டுக்காரர் பலவீனமாகக் கையை அசைத்தார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். எனக்கு மாத்திரை முழுங்க வராது, அதான் பொடி பண்ணிக் கலக்கறா. மருந்து, ஊசின்னாலே எனக்குச் சின்ன வயசுலேருந்து ஆகாது."

"ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கறே. பொண்டாட்டி மனசைத் திறந்து பார்க்க மட்டும் உனக்குச் சாவி கிடைக்கலையாண்ணா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. இன்னொரு முறை இப்படி விழுந்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. மேடம் அதை மறைக்காமல் சொல்லிவிட்டாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவியின் கையில் மறுபடியும் டம்ளர். அதைப் பிடித்திருந்த விரல் நுனிகளில் பிளாஸ்திரி. எந்நேரமும் கத்தியும் பாத்திரமுமாகக் கிடக்கிற கைக்கு அது ஒன்றும் அதிசயமில்லை.

"உயிருக்கே ஆபத்தா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

மேடம் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "தினமும் டெஸ்ட் எப்படிப் பண்றீங்களோ, அதே மாதிரி இப்ப என் முன்னால பண்ணுங்க."

மனைவியின் முகம் செத்துப்போனது. கணவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பண்ணித்தான் ஆகணுமா?"

"ஆமா. இப்பவே."

"மாட்டிக்கிட்டாங்க" என்றாள் தங்கை, அழுகைக்கு நடுவிலும்.

மனைவி மெஷினை எடுத்து வந்தாள். வகுப்பில் சொன்னபடியே கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். சோதனைப் பட்டையை மெஷினில் செருகினாள். ஊசியை எடுத்து, கொஞ்சமும் யோசிக்காமல், தன் மோதிர விரலில் குத்திக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க!" மேடம் அலறியே விட்டாள்.

"இவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வந்துடும் மேடம். ஆம்பளைக்கு ஊசி பயம்னா அசிங்கம், வெளிய சொல்லாதேன்னார். அதான் முதல்லேருந்தே நான் குத்திப் பார்த்துச் சொல்லிட்டிருக்கேன்." ரத்தத்தைப் பட்டையில் தொட்டபடி அவள் மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே வகுப்புல சொன்னீங்க, சர்க்கரை ஏர்றதும் இறங்கறதும் சாப்பாட்டுலதான் இருக்கு, வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கன்னு? நாங்க அப்படித்தான் சாப்பிடறோம். அப்புறம் யார் விரலா இருந்தா என்ன?"

மேடம் சொன்னாள்தான். இதே வாயால் அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். அன்றைக்குக் கைதட்டல்கூட விழுந்தது.

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தத் தாகம், அந்த இளைப்பு. வகுப்பில் படம் போட்டுக் காட்டிய சர்க்கரை நோய் அறிகுறி அத்தனையும் எதிரே உயிரோடு நின்றுகொண்டிருந்தது. இத்தனை மாதமும் இவள் ரத்தத்துக்கு அவர் மாத்திரை தின்றிருக்கிறார்.

மெஷின் 'பீப்' என்று கத்தியது. மனைவி குனிந்து எண்ணைப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ஐயோ மேடம், இவருக்கு இன்னும் ஏறியிருக்கே!"