பின்னால் வந்த வெள்ளை வேன்

கடைசி மேட்டின் பாதியில் நூலகரின் சைக்கிள் நின்றேவிட்டது.

அவள் இறங்கவில்லை. சைக்கிள்தான் அவளை இறக்கிவிட்டது. மிகுந்த மரியாதையோடு, சேறு இருந்த பக்கமாகப் பார்த்து.

பின்னால் வந்த வெள்ளை வேனும் நின்றது. காலையிலிருந்து அதற்கு இதே பிழைப்பு. அவள் போனால் போகும், அவள் நின்றால் நிற்கும். மிதிக்க முடியாதவர்கள் ஏறிக்கொள்வதற்கென்றே சைக்கிள் பயணக் குழுவோடு வருகிற வேன் அது.

ஏறிக்கொள்வதுதானே, இதில் என்ன வீம்பு என்று கேட்பீர்கள்.

வேனை ஓட்டியவன் அவளுடைய தம்பி.

அவள் மகள் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நின்றுபோன பேச்சு. ஆறு வருஷம் ஆகிறது. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர் என்பது அவள் கணக்கு. இத்தனை வருஷம் தோற்காதவள், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு மேட்டிடமா தோற்பாள்?

பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது வேனை ஓட்டப்போவது யாரென்று விளம்பரத்தாளில் போடவில்லை. மற்றதையெல்லாம் தாராளமாகப் போட்டிருந்தார்கள். இதமான வெயில். மென்மையான ஏற்றங்கள். மனசுக்கு ஓய்வு.

இதமான வெயில், முகத்தில் பூசியிருந்த களிம்பைப் பதினோரு மணிக்கே உருக்கிக் கண்ணுக்குள் அனுப்பியது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்த மழை, பிரித்ததும் வந்து முதல் வாய் சாப்பிட்டது.

கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடும் வழிகாட்டி, ஆற்றங்கரைக்குக் குறுக்கு வழி தெரியும் என்று சொல்லி, பன்னிரண்டு பேரையும் ஒரு சிமெண்டு ஆலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். காவலாளி நோட்டை நீட்டினான். வந்த காரணம் என்ற கட்டத்தில், 'இயற்கையை ரசிக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் குழுவிலிருந்த ஒரு பல் டாக்டர்.

அந்தப் பல் டாக்டர் அடுத்த வளைவிலேயே வாய்க்காலுக்குள் போய் இன்னும் நெருக்கமாக ரசித்தார். நாய் துரத்தியதாம். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் அவர் வேனில் ஏறிவிட்டார். ஏறியவர் ஏறியவராக இருக்கக் கூடாதா? ஜன்னலில் தலையை நீட்டி, முன்னால் திணறிக்கொண்டு போகிறவளுக்கு உற்சாகமூட்டும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

"விடாதீங்க மேடம்! வாய மூடி, மூக்கால மூச்ச இழுங்க!"

நூலகத்தில் முப்பது வருஷம் எல்லாரையும் வாயை மூடச் சொன்னவளுக்கு, அதைத் திருப்பிக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்றவர்கள் எல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டு மிதித்தார்கள். எழுபத்தொரு வயது ஓய்வுபெற்ற தபால்காரர் சீட்டியடித்துக்கொண்டு போனார். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு மிதியும் அம்மிக்கல்லை நகர்த்துவதுபோல் இருந்தது. இறக்கத்தில்கூட மிதித்துத்தான் இறங்கினாள், பாவம்.

வயசாகிவிட்டது என்று நினைத்தாள். பிறகு, செருப்பு சரியில்லை என்று நினைத்தாள். பிறகு பொதுவாகக் கடவுள்மேலேயே சந்தேகம் வந்தது.

மேட்டின் உச்சியிலிருந்து கேப்டன் கத்தினார். "மேடம், வேன்ல ஏறிக்குங்க! இதுல ஒரு அவமானமும் இல்ல!"

"தவழ்ந்துகூட வருவேன் சார். அந்த வண்டில கால வைக்க மாட்டேன்!"

சொன்னது கேப்டனுக்கு. கேட்கவேண்டியது யாருக்கோ அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

வேன் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

அவள் திரும்பவில்லை. தார் ரோட்டில் கால்கள் நடந்து வந்தன. அப்பாவின் நடை, இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கிற நடை.

வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளின் பக்கத்தில் குந்தினான். சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை ஒரு விரலால் சுண்டினான்.

கால் சுற்று சுற்றி, சக்கரம் நின்றது.

பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்தான். சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்த பிரேக் கட்டையை இரண்டு திருகு திருகித் தள்ளி வைத்தான். மறுபடி சுண்டினான்.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜன்னலில் டாக்டர்கூட வாயை மூடிக்கொண்டார்.

நாற்பத்தோரு கிலோமீட்டர். மூன்று மேடு. பிரேக்கைப் பிடித்தபடியே மிதித்திருக்கிறாள். அவளுடைய பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வர இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வாய்த்திருந்தது.

ஆறு வருஷத்துப் பிடிவாதம் அவளைக் கேட்காமலேயே உடைந்துவிட்டது.

"எப்படா தெரியும் உனக்கு?"

அவன் கையை வேட்டித் துணியில் துடைத்தான். ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

"மொத கிலோமீட்டர்லயேவா? அடப்பாவி! வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

அவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். கேலியில்லை, கோபமுமில்லை.

"இனிமே என் விஷயத்துல வாயே தொறக்கக் கூடாதுன்னு நீதானேக்கா சொன்ன?"

மேலே கேப்டன் மணியடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் என்னென்னவோ சொல்ல வந்தாள். ஆறு வருஷமாகக் குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றும் வரவில்லை.

"சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்கடா," என்றாள். "காலையிலேர்ந்து."