தியாகுவின் குக்கீ

வெள்ளவத்தை நெட் கஃபேயில், தம்பி தியாகு வழக்கமாக உட்காரும் கணினியின் முன் நாகமணி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை வானில் வந்தவர்கள் அவனைக் கடத்திப்போய் ஒரு மாதமாகிறது. கரையோர ரயில் கடக்க, கண்ணாடித் தடுப்பு நடுங்குகிறது. அவனுடைய மெயில் மட்டும் பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்து, “வருக, தியாகு” என்கிறது.

“பிரவுசர்ல குக்கீ கிடக்கு தங்கச்சி, அதுதான் ஆளை ஞாபகம் வெச்சிருக்கு. அழிச்சிடுங்க,” கடைக்கார மர்ஸூக் நானா குரலைத் தாழ்த்துகிறார். “ஆமி செக்கிங் ரெண்டு கடை தள்ளி நிக்குது. அவன்ட கூட்டாளிமார்ட கடிதமெல்லாம் உள்ளுக்கு.”

“அழிச்சா நானும் உள்ள போக ஏலாது, நானா, பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. பொலிஸ்ல அப்படி ஒருத்தனே இல்லைங்கிறானுக. இதுக்கு மட்டுந்தான் அவனைத் தெரியுது.”

வாசலில் பூட்ஸ் சத்தம். அவளே அழிக்கிறாள். மறுபடி திறக்கும் பக்கம், யாரோ புதுசாய் வந்தவளிடம் கேட்பதுபோல், பெயர் கேட்கிறது.