அடுப்பில் போன டோலிக் கம்பு

"என்னது, கம்பை அடுப்புல வெச்சிட்டீங்களா?"

மாதம்மாள் அடுப்படிக்கு ஓடினாள்.

"ஆமாம்மா. விறகெல்லாம் ஈரம். உலை வெக்க வேணாமா?" என்றார் சவுரியப்பன், சாம்பலைக் கிளறியபடியே.

அது யுத்த காலம். அரிசிக்கே ரேஷன். ஆனாலும் தருமபுரியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்கட்டும் என்று அவர் ஒரு கொட்டகை போட்டிருந்தார். பாயும் கஞ்சியும் இனாம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

மாதம்மாள் சித்தேரி மலைக்காரி. புருஷன் தீர்த்தனுக்கு விஷக் காய்ச்சல். மூங்கில் கம்பில் தூளிபோல டோலி கட்டி மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. பெண்டாட்டியைக்கூட அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னும் மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. போகிற உயிர் மலையில், பிள்ளைகள் பக்கத்தில் போகட்டும். ராத்திரி கொட்டகையில் இதைச் சொல்லி அழுதுவிட்டுக் காலையில் கிளம்ப வந்தால், டோலிக் கம்பு சாம்பலாகிக் கிடக்கிறது!

"அதுக்கென்ன, வேற மூங்கில் வெட்டிக்கங்க."

"பச்சை மூங்கில்ல எங்க பக்கம் பொணத்தைத்தான் தூக்குவாங்க! உசுரோட இருக்கற மனுசனை அதுல ஏத்தச் சொல்றீங்களா?"

கொழுந்தன் குள்ளன் பல்லைக் கடித்தான். "விடுங்க அண்ணி. இங்க காஞ்ச கம்பு வாங்கக் காசேது? ஊருக்குப் போயி எடுத்தாறேன். போவ வர மூணு நாளாவும்."

அந்த மூன்று நாளும் சவுரியப்பனை அவள் சபிக்காத வேளையில்லை. அவர் ஊற்றிய கஞ்சியைக் குடித்துக்கொண்டேதான் சபித்தாள்.

"நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆறுது, குடிம்மா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலையில் தீர்த்தனுக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கி, கண்ணைத் திறந்தான்.

"மாதம்மா, பசிக்குது."

"இனிமே பயமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தோளில் கம்போடு வந்து சேர்ந்த குள்ளன், அண்ணன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

மாதம்மாள் அழுகையும் சிரிப்புமாகக் கொட்டகைக்கு ஓடினாள். சவுரியப்பன் பின்பக்கம் இருந்தார். அங்கே கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது, மொறுமொறுவென்று காய்ந்த விறகு.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத்தனை விறகு இருக்க, எங்க கம்பை ஏனுங்க எரிச்சீங்க?"

அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"என் பொஞ்சாதியையும் இதே ஆஸ்பத்திரியிலதான் சேத்திருந்தேன். 'சாவறவ ஊர்ல சாவட்டும்'னு வைத்தியத்தைப் பாதியிலேயே விட்டுட்டு வண்டி கட்டிட்டேன். ஒருத்தரும் தடுக்கல. வழியில மொரப்பூரைக்கூட அவ உசுரோட தாண்டலம்மா."