சோளக்கஞ்சிக்கு விழுந்த கோடு

மெக்சிகோவின் வெராக்ரூஸ் நகரில், ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மத்தியான வெயில் விழும் கட்டிலில், இரண்டு வயது எலியாசர் அம்மா லெயோகாதியாவின் தோளில் நிமிர்ந்து சாய்ந்திருக்கிறான். வீட்டில் தூங்கும்போதெல்லாம் அவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. வயிற்றுப் புளிப்பு மேலேறித்தான் அடைக்கிறதா என்று பார்க்க, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கியிருக்கிறார்கள். அதைப் பிடுங்காமலிருக்கக் கைகளில் காலுறை மாட்டியிருக்கிறது. விக்கல் நிற்கட்டுமென்று அம்மா எச்சில் தொட்டு ஒட்டிய சிவப்பு நூல் நெற்றியில் இருக்கிறது. புளிப்பு ஏறினால் விழவேண்டிய கோடு, குழாயோடு இணைத்த பெட்டியின் திரையில் நேராகவே ஓடுகிறது. டாக்டர் இராசெமா உதட்டைப் பிதுக்குகிறாள். "வீட்ல குடுக்கறதையேதான குடுத்தீங்க?"

"இல்ல டாக்டரம்மா. நேத்துலேருந்து வெறும் அரிசித்தண்ணிதான். படுக்கவே விடல, தோள்லயே வெச்சிருக்கேன்," என்கிறாள் லெயோகாதியா பெருமையாக. "டெஸ்ட்ல புள்ள நல்லபடியா வரணும்ல."

"நல்ல புள்ளய வெச்சு நான் என்னம்மா பண்றது? வீட்ல இருக்கற எலியாசரக் காட்டுங்க."

லெயோகாதியா முகம் சுண்டி, பையிலிருந்து சாக்லேட் கரைத்த சோளக்கஞ்சிப் புட்டியை எடுக்கிறாள். அவன் முழுக்க உறிஞ்சிவிட்டு, மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிறான். கோடு சடாரென்று விழுகிறது. கூடவே மூச்சும் நிற்கிறது. இருமி, விழித்து, மறுபடி மூச்சு வாங்குகிறான். டாக்டர் அவனைப் பார்த்துப் பூரித்துப்போகிறாள். "அப்படிப் போடு, என் ராஜா."

லெயோகாதியா அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "இவ்ளோ ஆசையாப் பாத்துட்டீங்க. தொட்டுடுங்க டாக்டரம்மா, இல்லாட்டி புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், சமர்த்தாக, அவன் நெற்றியிலிருந்த அந்தச் சிவப்பு நூலைத் தொடுகிறாள்.