நூற்றெண்பது வெள்ளைச் சட்டைகள்

"கருநீலச் சட்டையா? எம்பொண்ணு இன்னா போலீஸ் வேனா சார், நீலக் கலர் அடிக்கிறதுக்கு?"

பெற்றோர் கூட்டத்தில் பூவம்மா எழுந்து நின்று போட்ட சத்தத்தில், எண்ணூர்ப் பள்ளிக்கூடத்தின் மின்விசிறி ஒரு சுற்று சுற்ற மறந்தது.

"கோவப்படாதீங்கம்மா," என்றார் தலைமை ஆசிரியர் தாமஸ். "துறைமுகத்துல இருந்து நிலக்கரித் தூள் மழை மாதிரி கொட்டுது. கருநீலம்னா அழுக்கே தெரியாது. கூடவே டையும் தர்றோம். எல்லாம் தைச்சுத் தயாரா இருக்கு, திங்கக்கிழமையே போட்டுக்கிட்டு வரலாம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஊரில் வெள்ளைச் சட்டையோடு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை, பள்ளி வாசலைத் தொடுவதற்குள் வக்கீலாகிவிடும். கொடியில் காயும் சட்டையைத் தன் சொந்தக்காரன் என்று நினைத்துக் காக்கை பக்கத்தில் வந்து உட்காரும்.

டை என்றதும் நூற்றெண்பது தாய்மார்களில் பூவம்மாவைத் தவிர எல்லோரும் உருகிப்போனார்கள். மேசைமேல் இருந்த மாதிரி டையை ரோஸ்மேரி எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டாள்.

"சோக்கா கீதுல்ல? எம்மவன் இத்த மாட்டிக்கினு நடந்தா ஆர்பர் ஆபீசரு கணக்கா இருப்பான். அடிச்சுத் தோய்ச்சு எங்கையில ரேகையே இல்ல. ரேஷன் கடை மெஷினு 'நீ யாரு'ன்னு கேக்குது. ஒத்துக்கோ பூவு!"

"முடியாதுக்கா. நீலம் சூட்ட இழுக்கும்."

"கடக்காத்துல இன்னாடி சூடு?"

"கொசு வரும்."

"இப்ப மட்டும் வராமயா கீது? உன் புருஷன் இன்னா சோப்புக் கம்பெனியா வச்சிகினுகீறான்?"

அரங்கம் சிரித்தது. பூவம்மாவின் பிடிவாதம் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அவள் மகள் சங்கமித்ராவின் சட்டை காலையில் அடிக்கும் வெள்ளைக்கு, எதிரே வரும் கண்டெய்னர் லாரிக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். கருநீலம் வந்தால் அந்தப் பெருமை போச்சே!

"கருநீலத்துக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் தாமஸ்.

"ஒரு நிமிஷம் சார்! ஒரே ஒரு நிமிஷம்!"

அதற்குள் கைகள் எழுந்துவிட்டன. பூவம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. பாய்ந்து எடுத்தாள்.

"பூவம்மாதான் சார் பேசறேன்... வெள்ளதான் சார், இன்னும் மாத்தல... திங்கக்கிழம காலையிலயா? கண்டிப்பா வருவீங்களா? வாங்க சார், வாங்க!"

"யாரும்மா போன்ல?" என்றார் தாமஸ்.

"மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசரு சார். தூளு பறக்குதுன்னு மனு போட்டிருந்தேன். இன்னா சாட்சின்னு கேட்டாங்கோ. எங்க புள்ளைங்க சட்டையே சாட்சி, வந்து பாருங்கன்னேன். வருவாரோ மாட்டாரோன்னுதான் இத்தப் பத்தி வாயத் தொறக்கல. இப்ப வராரு. நீலத்துல நான் இன்னாத்தக் காட்டுவேன்?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

ஊரிலேயே அதிகம் சோப்பு வாங்குகிற பூவம்மா, ரோஸ்மேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்:

"யக்கா, உனுக்குப் புண்ணியமாப் போவட்டும்... திங்கக்கிழம வரைக்கும் ஒருத்தியும் சட்டையத் தோய்க்காதீங்க!"